சுவரில் இருக்கும் என் படம்

மன்னார்புரத்தில் பழைய கார் விற்கும் அந்த ஷோரூமுக்கு அன்று ஐந்தாவது முறையாகப் போனேன். அங்கே வாங்கிய கார் இரண்டே மாதத்தில், ஸ்ரீரங்கம் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் மூன்று தடவை கியர் விழாமல் நின்றுவிட்டது.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாதீங்க சார், பார்ட்டி வந்திருக்காங்க. இந்த வாரமே கியர்பாக்ஸை ஃப்ரீயா மாத்தித் தரேன்."

உட்கார்ந்துவிட்டேன்.

தன் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போக கார் தேடி, மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு பெண் அவரோடு வந்திருந்தாள். சுவரில், பெரிய அட்டைச் சாவியைப் பிடித்தபடி சிரிக்கும் வாடிக்கையாளர் படங்கள். அவற்றில் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இது நீங்கதானேங்க? வண்டி எப்படி ஓடுது?"

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"நல்லா ஓடுதுங்க" என்றேன்.

"அப்ப இங்கயே எடுத்துடலாம்ப்பா" என்றாள். பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

சொன்னபடி கியர்பாக்ஸை மாற்றிவிட்டார்கள். வண்டியை எடுக்கப் போனபோது என் படத்துக்குப் பக்கத்தில் பெரியவர், அதே அட்டைச் சாவியோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் வண்டி எப்படி ஓடுகிறதென்று நான் கேட்கவில்லை. என் படத்தைக் கழற்றச் சொல்லவும் இல்லை. வெட்கம்கூட வரவில்லை, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போது கார் பாலத்தில் நிற்பதே இல்லை. அன்று நான் சொன்னது உண்மையாகிவிட்டது, என் வண்டிக்கு மட்டும்.