வானத்தில் ஒரு காது

உரும்பிராயில் பழைய கடதாசி வாங்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். ஆட்கள் எறிந்த புத்தகங்களில் நிறம் பார்த்து வெட்டி, மட்டையில் ஒட்டிப் படம் செய்வேன். யாருக்கும் கொண்டுபோய்க் காட்டியதில்லை.

போன வருடம் என் அப்பாவைச் செய்தேன். வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டியோடு நிற்கிறார். அவர் செத்தபோது எங்களிடம் அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. இருக்கிறது இந்தப் படம்தான். செம்மண்ணைச் சேலை விளம்பரங்களிலிருந்து எடுத்தேன். வானத்தைக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்தேன். இறந்தவரின் படமும் தேவாரங்களும் அச்சடித்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் புத்தகத்தைத்தான் இங்கே கல்வெட்டு என்போம். படத்தில் ஆளுக்குப் பின்னால் ஸ்டூடியோக்காரர் போடும் நீலம் நல்ல நீலம். முகங்களை வெட்டாமல் விலக்கிவிடுவேன். ஒன்றில் கத்தரிக்கோல் பிசகி, மடலில் மச்சமுள்ள ஒரு காதும் சேர்ந்து வந்துவிட்டது. ஒட்டிக் காய்ந்தபிறகுதான் கண்டேன்.

எங்கள் ஊர் வாசிகசாலைத் தலைவர் கடைக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, தானே கேட்டு வாங்கிப்போய்ச் சுவரில் மாட்டினார். ஒரு மாதம் அப்பா அங்கே நின்றார். பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அந்தக் காதைக் கண்டார். வாசிகசாலைக்கு வரச்சொல்லி எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போனதும் அவர் தொடங்கினார்:

"உது எங்கடை அப்பாவின்ரை காது. கந்தோரிலை பெரிய உத்தியோகம் பாத்த மனுசன். அவரை வெட்டி, மண்வெட்டி பிடிக்கிறவன்ரை தலைக்கு மேலை ஒட்டியிருக்கிறீர். படிச்சிருந்தால் உப்பிடிச் செய்வீரே?"

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்: "உயிரோடை இருக்கேக்கை ஆரின்ரை கதையும் கேளாத காது. இப்பவாவது கேக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த இவருடைய வீட்டிலிருந்துதான் அவர் அப்பாவின் கல்வெட்டுகள், அச்சகத்தில் கட்டிய கயிறுகூட அவிழ்க்காமல், எங்கள் கடைக்கு வந்தன. கயிற்றை அறுத்தவன் நான். கட்டோடு எறிந்த அப்பாவை என் அப்பாவுக்குப் பக்கத்தில் கண்டதும்தான் இவருக்கு மானம் வந்ததா?

"தம்பி, அந்தக் காதிலை ஒரு முகில் துண்டை ஒட்டிவிடுமன். அலுவல் முடிஞ்சுது" என்றார் தலைவர்.

"ஒட்டமாட்டன்" என்றேன். "அவர் மேலை இருக்கிறதாலை என்ரை அப்பாவுக்கு ஒரு குறையுமில்லை."

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். படம் அலுமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி கிடந்தது. யாரையும் கேட்கவில்லை. தூசியைத் துடைத்து, முன்பு தொங்கிய ஆணியிலேயே திரும்ப மாட்டினேன். தலைவர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டினால் திரும்பவும் வந்து மாட்டுவன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.