அக்கா பெயரில் கையெழுத்துப் பரிசு வேண்டாம்

கோபமாகத்தான் எழுதுகிறேன். நினைவு மலரில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள். அங்கே படங்கள் இருக்கின்றன.

அக்கா பிறந்தது நெய்க்காரப்பட்டியில். அப்பா தவறிய பிறகு அம்மா தோட்ட வேலைக்குப் போக, என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். ஆசிரியைப் பயிற்சி முடித்துத் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் சேர்ந்தார். பெரிய வகுப்பு கொடுத்தபோதும் போகவில்லை. கடைசிவரை எல்.கே.ஜி. டீச்சர்தான்.

அவருக்கு ஒரே பிடிவாதம். ஐந்து வயதுவரை பிள்ளை கையில் பென்சில் கொடுக்கக் கூடாது. மண் அளையட்டும், மாவு பிசையட்டும், வாய் ஓயாமல் பேசட்டும். விரலில் வலு வந்தால் எழுத்து தானாக வரும் என்பார். விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பி, சொந்தக்காரப் பிள்ளைகளை அவர் மடியில்தான் உட்காரவைப்போம். அவரோ விரலைப் பிடித்து எழுதவைக்க மாட்டார். "விடுங்க, அதுவே அளையட்டும்" என்பார். அரிசி வீடெல்லாம் சிதறும். "நல்ல நாளும் அதுவுமா என்னடி கூத்து இது!" என்று சித்தி தலையில் அடித்துக்கொள்வார். அந்தப் பிள்ளைகள் யாரும் படிக்காமல் போய்விடவில்லை.

பள்ளிக்குப் புதிய தாளாளர் வந்தார். எல்.கே.ஜி.க்கும் வீட்டுப்பாடம் என்றார்.

"பீஸ் கட்டுறது விளையாடுறதுக்கா டீச்சர்?"

"நாலு வயசுங்க சார். விரல் எலும்பே இன்னும் முத்தலைங்க. அழுத்திப் புடிச்சா வலிக்குமுங்க."

"உங்களுக்கு வயசாயிருச்சு. வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

அம்புட்டுத்தான். ஒரு சால்வைகூடப் போர்த்தாமல் அனுப்பினார்கள். "பாப்பா, இனி அந்தப் பிள்ளைகளுக்காக யாருடி பேசுவா?" என்று அக்கா அழுத அழுகையை, பிறகு நோயில் கிடந்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அதே தாளாளர் பெரிய மாலையோடு வந்தார். மைக்கைப் பிடித்து, அக்கா பெயரில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு வருடாவருடம் கையெழுத்துப் பரிசு என்று அறிவித்தார். காரிய வீட்டில் கைதட்டல் வேறு! எழுந்து நின்றேன்.

"சார், எதை வேண்டாம்னு சொன்னாங்களோ அதுக்கே அவங்க பேரா? வைக்காதீங்க."

"பாவம், துக்கத்துல பேசுறாங்க" என்று சிரித்தார். துக்கம் இல்லை ஐயா, கோபம். அதற்குப் பிறகும் அக்கா பெயரைப் பொறித்து ஒரு கோப்பையைச் செய்து, எங்கள் குடும்பம்தான் மேடையில் வந்து வழங்க வேண்டும் என்று வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.

பெற்ற தாய்போல அக்காவைக் கவனித்த நர்ஸம்மாவுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்ட, அக்காவிடம் படித்த பேகம்பூர்ப் பெண்ணுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. தாளாளருக்கு நன்றி கிடையாது.

கோப்பை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இந்த விஜயதசமிக்குத் தெருப்பிள்ளைகள் அதில் அரிசியை அள்ளி அள்ளிக் கொட்டி விளையாடினார்கள். ஒரு கைப்பிடி கழன்றுவிட்டது. பள்ளிக்கு வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

— தங்கை