ரேகை விழாத கைகளின் பெயர்கள்

சேந்தமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சித்ரா, பதினேழு வருடமாகப் பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் எடுத்துவருகிறவள். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், மரவள்ளிக் கிழங்கை மாவாக்கும் கிழங்கு மில்லில் வேலை செய்யும் பாவாயி அவள் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். ரேஷன் கடையில் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"மிசின்ல ரேகை உழுகலைங்கறாங்க சாமி. இருவது வருசமாத் தோலு உரிச்ச கையி. ரேகைக்கு நான் எங்க போவேன்?"

சித்ரா அந்தக் கையை மேசைமேல் வைக்கச் சொன்னாள். வெளிச்சம் நேராக விழுந்தபோது வெறும் தோல்தான் தெரிந்தது. விளக்கை மேசையோடு தாழ்த்திப் பக்கவாட்டில் காட்டியதும் தேய்ந்த வரிகளும் வெடிப்புகளும் எழுந்து வந்தன. படம் எடுத்தாள். பெயர், வயது, வேலை, எந்த விரலை மிசின் ஏற்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதினாள்.

பிறகு பாவாயியே ஆட்களைக் கூட்டிவந்தாள். நூற்றெண்பத்தாறு கைகள் சேர்ந்தன. கிழங்குத் தோல் உரிக்கிறவர்களுக்கு வலது கட்டைவிரல் ரேகை முதலில் போகிறது, வருடம் ஏற ஏற மற்ற விரல்களும்; மாவுத் தொட்டியில் நிற்கிறவர்களுக்குப் பத்து விரலும் போகின்றன. வேலை இல்லாத மாதங்களில் சிலருக்கு ரேகை திரும்பி வருவதைக் கண்டு, அதே கைகளை அதே வெளிச்சத்தில் மறுபடி எடுத்தாள்.

இதைக் கேள்விப்பட்டு வந்தவர் பாலசுந்தரம். வெளியூர்க் கலைக்கல்லூரி ஒன்றின் ஆசிரியர். புகைப்படத்தின் வழியே கலை ஆய்வு செய்வதாகச் சொன்னார். இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து படங்களையும் நோட்டையும் பிரதி எடுத்துக்கொண்டார். "உங்க பேரு கண்டிப்பா வரும்" என்று சொல்லிப் போனார்.

சேலத்தில் அவர் அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைத்தார். சித்ராவும் பாவாயியும் பஸ் பிடித்துப் போனார்கள். வாசலிலேயே பெரிய எழுத்தில் 'பெயரற்ற கைகள்' என்றிருந்தது. உள்ளே பாவாயியின் கை கதவு உயரத்துக்குத் தொங்கியது. கீழே பெயர் இல்லை, வயது இல்லை, வேலை இல்லை. ஆய்வு: பாலசுந்தரம். கடைசிச் சுவரில், உதவிய உள்ளூர்ப் படக்காரருக்கு நன்றி.

சித்ரா பாலசுந்தரத்தை நேராகப் போய்க் கேட்டாள்.

"பேரு இல்லாத கைன்னு யாருங்க சொன்னது? நோட்டுல நூத்தியெண்பத்தாறு பேரு இருக்குது. நீங்கதான பிரதி எடுத்தீங்க?"

"அதெல்லாம் தகவல்ங்க. பேரை எடுத்தாத்தான் அது எல்லோரோட கையாகும். நீங்க நல்லாப் படம் எடுத்திருக்கீங்க. அதுக்கு அர்த்தம் கண்டுபிடிக்கறது வேற வேலை. அதுதான் ஆய்வு."

"வெளக்க எங்க வெச்சா ரேகை தெரியும்னு தேடுனது நானு. எந்த வேலைக்கு எந்த வெரல் தேயுதுன்னு கண்டது நானு. அதுக்குப் பேரு என்னங்க?"

அவர் வந்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் சித்ராவால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பையிலிருந்து நோட்டையும் மார்க்கர் பேனாவையும் எடுத்தாள். பாவாயியின் கைக்குக் கீழே சுவரில் எழுதினாள்: பாவாயி, ஐம்பத்தெட்டு, கிழங்கு மில், பத்து விரலும். அடுத்த படம், அடுத்த பெயர்.

"இது கலைப்படைப்புங்க. கிறுக்காதீங்க."

"கிறுக்கலீங்க. நீங்க வெட்டுனத எழுதறேன்."

பத்தொன்பது பெயர் எழுதியபோது காவலாளி பேனாவைப் பிடுங்கினார். மிச்சத்தைச் சித்ரா நோட்டைப் பார்த்து உரக்கப் படித்தாள். பாவாயி ஒவ்வொரு பெயருக்கும், "அது எங்க பக்கத்தூட்டுக்காரி", "இவ இப்ப உசிரோட இல்ல" என்று அங்கிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். யாரும் நகரவில்லை.

மறுநாள் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். கல்லூரிக்கு எழுதிய புகாருக்கு மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: புகைப்படங்கள் மூலப்பொருள் மட்டுமே, ஆய்வு ஆசிரியருடையது.

சித்ரா தன் படங்களையும் குறிப்புகளையும் தானே தொகுத்து, முன்னட்டையில் தன் பெயரையும் பின்னால் நூற்றெண்பத்தாறு பெயர்களையும் போட்டு, வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுத்தாள். ஏழு தடவை நடந்தபின் அந்த ரேஷன் கடைக்கு, ரேகைக்குப் பதிலாகக் கண்ணைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் கருவி வந்தது. பாவாயி இப்போது அரிசி வாங்குகிறாள்.

பாலசுந்தரத்துக்கு அந்த ஆய்வுக்காக முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது. கோபம் ஆறிவிட்டதா என்று கேட்டால் சித்ரா நிமிர்ந்து பார்க்கிறாள்.

"ஆறலீங்க. எதுக்கு ஆறோணும்?"