கிரில் பெயிண்ட்

யுவராஜ் அந்தச் சாமானை ஜீப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து என் டீக்கடைக்கு எதிரே இறக்கியபோது, சோளக்காட்டுச் சந்தைக்கு வந்திருந்த கூட்டத்தில் பாதி அதைச் சுற்றி நின்றது. ஒருத்தர் ஐஸ் பெட்டி என்றார். இன்னொருத்தர் துணி துவைக்கிற மெஷின் என்றார். வயிறு பெருத்த இரும்புப் பெட்டி, மேலே ஒரு மூடி, கீழே கால்கள், இரண்டு சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. துருப்பிடிக்காதது அந்த ஒற்றைச் சக்கரம் மட்டும்தான், அதுவும் பிளாஸ்டிக் என்பதால்.

“என்னடா இது?” என்றேன்.

“கறி சுடற அடுப்புங்கக்கா. கேஸ்ல எரியும். இதுக்குப் பேரு கிரில்லு.”

“கிரில்லுன்னா ஜன்னல்ல மாட்டறதுடா.”

“அதுவும் கிரில்லுதான், இதுவும் கிரில்லுதானுங்க” என்று சிரித்தான்.

எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு. திண்ணனூர் நாட்டுப் பக்கம் வெளியூர்க்காரர் ஒருவர் காட்டேஜ் கட்டி, கொஞ்ச நாள் நடத்தி, அட்டைப்பூச்சிக்கும் மழைக்கும் பயந்து பூட்டிவிட்டுப் போய்விட்டார். கொல்லைப்புறத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்த இந்தப் பெட்டியை அங்கே இருந்த வாட்ச்மேன், யுவராஜ் வீட்டில் காயப்போட்டிருந்த மிளகுக்கு மாற்றாகத் தூக்கிக் கொடுத்தான். நல்ல மிளகு அது. யுவராஜ் பெண்டாட்டி பூங்குழலி மரம் ஏறிப் பறித்தது. நான்கூடக் கேட்டு வைத்திருந்தேன். அதைக் கொடுத்துவிட்டுத் துருவை வாங்கி வந்திருக்கிறானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆனால் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்குத் தெரியும். இந்த மலையில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. மீசை முளைத்தும் முளைக்காத வயதிலேயே அவன் ரிக் வண்டிக்குப் போனவன். போர்வெல் போடுகிற லாரி. இங்கிருந்து கிளம்பினால் ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஒடிசா என்று எங்கே தண்ணீர் இல்லையோ அங்கெல்லாம் நிற்கும். வண்டிக்கு அடியிலேயே படுக்கை, வண்டிக்குப் பக்கத்திலேயே சோறு. அப்பா செத்தபோது வந்து சேர்ந்தான், காரியம் எல்லாம் முடிந்த பிறகு. கல்யாணத்துக்கு வந்தான், சீக்கிரமே போனான். கம்ப்ரசர் சத்தத்தில் வலது காது போய்விட்டது. பேர் மட்டும் யுவராஜ். ஆண்டது முழுக்கப் புழுதியும் டீசலும்தான்.

அவனை அசைத்தது காது இல்லை. அவன் பெண் சத்யா. அவன் ஊருக்கு வந்த ஒரு தடவை, பேசத் தொடங்கியிருந்த அந்தப் பிள்ளை வாசலில் நின்று உள்ளே பார்த்து, “அம்மா, லாரி மாமா வந்திருக்குது” என்று சொன்னது. பூங்குழலி சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. பையைக்கூட இறக்காமல் நின்றான் என்று அவள் என்னிடம் சொன்னாள்.

அத்தோடு ரிக்குக்குப் போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டான். என் கடைக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு கேஸ் அடுப்பு, மோட்டார், மிக்சி என்று வந்ததை எல்லாம் ரிப்பேர் பார்த்தான். வந்ததை எல்லாம் என்று சொல்கிறேனே தவிர, வந்தது குறைச்சல். மலையில் ஒரு அடுப்பு கெட்டால் விறகு வைத்துக்கொள்கிறார்கள். முள்ளுக்குறிச்சியிலிருந்து ரிக் ஏஜென்ட் முருகானந்தம் மட்டும் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். “உன் எடம் காலியா இருக்குதப்பா” என்பார். இவன் கேட்காத காதில் போனை வைத்துக்கொண்டு, “சரிங்க, சரிங்க” என்பான். அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்தப் பெட்டி வந்தது.

வேலை தெரிந்தவன், அதைக் குறை சொல்ல முடியாது. பெட்டியைக் கழற்றிப் பிரித்துப் போட்டான். உள்ளே எலிக்கூடு இருந்தது. பர்னர் குழாய்களின் ஓட்டையை ஒவ்வொன்றாகக் குத்தூசி வைத்துத் தோண்டினான். ஓட்டை விழுந்த அடித்தகட்டுக்கு எண்ணெய் டின்னை வெட்டி வெல்டிங் வைத்தான். காணாமல்போன சக்கரத்துக்குப் பதிலாக ஒரு பழைய நடைவண்டியின் சக்கரத்தை மாட்டினான். சிலிண்டரை இணைத்துத் திருகியதும் நாலு வரிசையிலும் நீலமாக எரிந்தது. எனக்கே சந்தோஷமாகிவிட்டது. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அட்டையில் ‘கிரில் விற்பனைக்கு’ என்று எழுதித் தொங்கவிட்டான். மறுநாளே குண்டனி நாட்டிலிருந்து ஒருத்தர் நூலில் முடிச்சுப் போட்டு ஜன்னல் அளவு எடுத்துக்கொண்டு வந்து நின்றார். புது வீடு கட்டுகிறாராம். “இதுல கொரங்கு நொழையாதுங்களா?” என்று அந்தக் கறி சுடும் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நானும் யுவராஜும் சிரித்த சிரிப்பில் கடையில் பால் பொங்கி வழிந்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பிடிக்கவில்லை.

பிறகு கோகுல்நாத் வந்தார். அடிவாரத்து விவசாயக் குடும்பம். அருவிக்குப் போகிற ரோட்டில் புதிதாகக் காட்டேஜ் கட்டித் திறக்கத் தயாராக இருந்தார். காரை நிறுத்தி, பெட்டியை எரியவிடச் சொல்லிப் பார்த்தார்.

“எரியறது நல்லாத்தான் எரியுது. பாக்கத்தான் சகிக்கல. புதுசாட்டம் பண்ணிக் குடு, எடுத்துக்கறேன்.”

“பண்ணிரலாமுங்க.”

“இதுல கறி சுட ஆளு வேணும். மோட்டாரு, லைட்டு எல்லாம் பாத்துக்கவும் ஆளு வேணும். நீயே இருந்துக்கறயா? வருசம் பூரா வேலை.”

யுவராஜ் இடது காதை அவர் பக்கம் திருப்பி, “ஏனுங்க?” என்றான். அவர் திரும்பவும் சொன்னார். முதல் தடவையே அவனுக்குக் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

அன்றைக்கே பஸ் பிடித்து அடிவாரத்து ஹார்டுவேர் கடைக்குப் போனான். கிரில்லுக்கு அடிக்க நல்ல கறுப்புப் பெயிண்ட் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர், “கிரில் பெயிண்ட்டுத்தானே? மழைக்கும் வெயிலுக்கும் ஒண்ணும் ஆகாது. கண்ணாடியாட்டம் மினுங்கும்” என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. மினுங்கத்தான் மினுங்கியது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருவை எடுத்து, மூடிக்கு வெளியே, மூடிக்கு உள்ளே, பெட்டி, கால், கறி வைக்கிற கம்பி என்று ஒரு இடம் விடாமல் அடித்தான். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு தடவை அடித்தான். சத்யா அங்கன்வாடி விட்டதும் வந்து கொட்டகையில் குந்தியிருப்பாள். ஒருநாள் அவன் வலது பக்கம் நின்று அந்தப் பிள்ளை என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் பாட்டுக்குப் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டிருந்தான். பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தது.

“அப்பா, எனக்கு பிரஷ்ஷூ.”

பிரஷ் நின்றுவிட்டது. அவன் அதை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து, “அக்கா, கேட்டுச்சுங்களா?” என்றான். கண் நிறைந்திருந்தது. “கேட்டுதுடா, போய்ப் பிரஷ்ஷைப் புடுங்கு, கவுனெல்லாம் பெயிண்ட்டு” என்றேன். எனக்கும் பார்வை மங்கித்தான் இருந்தது.

கோகுல்நாத்தின் அம்மா காளியாத்தாள் போனில் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். “பெயிண்ட் அடிச்சுப் புதுசாக்கியாச்சுன்னா அது புது அடுப்பு, சாமி. மொத நெருப்பு எங்க ஊட்டுலதான் பத்தணும். பால் காய்ச்சறதுக்கு முந்தி நீ பத்த வெச்சுப் பாத்துராத.” இவன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பாலிதீன் ஷீட் போட்டு மூடி வைத்தான். யாராவது எரியவிட்டுக் காட்டச் சொன்னால், “பால் காய்ச்சோணுமுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

திறப்பு விழாவன்று நானும் போயிருந்தேன். பூஜை முடிந்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மூடிக்கு வெளியே ஓரத்தில் தனியாக இருந்த சின்ன பர்னரில் பால் வைத்தார்கள். பால் அழகாகப் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது என்று காளியாத்தாளுக்கு மனசு குளிர்ந்து, யுவராஜுக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது அவன் ஜீப்பிலேயே போனை எடுத்து முருகானந்தத்தைக் கூப்பிட்டான். “வேற ஆளப் போட்டுக்கங்க. நான் இனிமேட்டு வாரதில்லீங்க” என்றான். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் கறி விருந்து. கோகுல்நாத்தின் சிநேகிதர்கள் குடும்பத்தோடு கார்களில் வந்திருந்தார்கள். யுவராஜ் புது வேட்டி சட்டையில், மிளகு தடவிய கோழியைக் கம்பியில் வரிசையாக அடுக்கினான். நாலு பர்னரையும் திறந்து பற்ற வைத்து மூடியைச் சாத்தினான். நானும் பூங்குழலியும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

முதலில் வாசம்தான் வந்தது. கறி வாசம் இல்லை. புது கேட் போட்ட வீட்டு வாசலில் அடிக்குமே, அந்த வாசம். பிறகு மூடி இடுக்கில் கறுப்புப் புகை. யுவராஜ் மூடியைத் தூக்கினான். உள்ளே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, வெடித்து, கோழிமேல் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பியிலிருந்து கறியை எடுக்கப் போனால் கறுப்புத் தோல் அதோடு உரிந்து வந்தது. பிள்ளைகள் இருமின. ஒருத்தர் ஒரு துண்டை நாய்க்குப் போட்டார். நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

“என்ன எழவுப் பெயிண்ட்டுய்யா அடிச்ச?” என்றார் கோகுல்நாத்.

“கிரில் பெயிண்ட்டுங்க. கிரில்லுக்குன்னு சொல்லிக் கேட்டுத்தானுங்க வாங்குனேன்.”

“அது ஜன்னலுக்கு அடிக்கறதுய்யா! அடிச்சதுக்கப்புறம் ஒருக்கா பத்த வெச்சாவது பாத்தயா?”

யுவராஜ் காளியாத்தாளைப் பார்த்தான். அந்த அம்மா தட்டுகளை எண்ணுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வெங்காயக் கூடையைத் தூக்கி எறிந்திருப்பேன். பூங்குழலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவனோ ஒரு வார்த்தை அந்த அம்மாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. “தப்புத்தானுங்க” என்றான்.

சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு நாளில் கொண்டு வருகிறேன் என்று கெஞ்சினான். வேண்டாம் என்றார்கள். பட்டணத்திலிருந்து புதுசு வரவழைத்தார்கள். கூடவே சமையல் படித்த ஒரு ஆளும் வந்தான். இவன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து விறகை அள்ளி வைத்துக் கொளுத்தி, பெயிண்ட்டை முழுக்க எரித்துச் சுரண்டினான். எல்லாம் போய்விட்டது. இப்போது நல்ல அடுப்பு அது, எந்தக் கறியும் சுடலாம். ஆனால் அதற்குள் மலை முழுக்க ‘ஜன்னல் கோழி’ என்று அவனுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். மற்ற காட்டேஜ்காரர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். மிக்சி ரிப்பேருக்கு வருகிறவர்கள்கூட, “பெயிண்ட் கியிண்ட் அடிச்சுப்போடாதீங்க” என்றார்கள். பிறகு அவர்களும் வரவில்லை.

முருகானந்தத்துக்கு இவனே போன் செய்தான். பழைய வண்டியில் இடம் போய்விட்டது. ஒடிசாவுக்குப் போகிற வண்டியில்தான் இருந்தது, அதுவும் கம்ப்ரசர் பக்கத்து வேலை. இருக்கிற ஒரு காதையும் அது தின்றுவிடும் என்று அவனுக்கும் தெரியும், பூங்குழலிக்கும் தெரியும். “போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்கக்கா. இருங்கன்னு சொன்னா எதை வெச்சு இருக்கச் சொல்றது?” என்றாள். விடியற்காலை பஸ்ஸில் போனான். சத்யா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றுவிட்டானாம்.

பெட்டி இப்போது என் கடை வாசலில் இருக்கிறது. மூடிக்குள் விறகு நனையாமல் கிடக்கிறது.

போன வாரம் சத்யா அங்கன்வாடி விட்டு நேராக என்னிடம் வந்தாள். “அத்தை, அப்பாவுக்கு போன் போட்டுக் குடுங்க” என்றாள். என் போனிலிருந்து போட்டேன். என் நம்பர் அவனிடம் இருக்கிறதோ இல்லையோ, இருந்தாலும் அந்த வேலை நடுவில் யார் பார்க்கிறார்கள்? எடுத்ததும் கம்ப்ரசர் சத்தம் கடை முழுக்கக் கேட்டது. பிள்ளை இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, “அப்பா” என்றது.

“ஹலோ? கேக்கலீங்க.”

“அப்பா! நான்தான்!” நரம்பு புடைக்கக் கத்தியது.

“ஏனுங்க, யாருங்க பேசறது? ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதுங்க. அப்பறமாக் கூப்புடறீங்களா?”

லைன் கட்டாகி, சத்தம் நின்றுவிட்டது. பிள்ளை போனை என்னிடம் நீட்டியது.

“ராங் நம்பருங்க அத்தை” என்றது.