நடுப்பக்கத்துத் திருச்சிற்றம்பலம்

சிதம்பரம் தெற்கு வீதியில் திருநீறும் உருத்திராக்கமும் விற்கும் பழனிவேல், எதைத் தொடங்கினாலும் ‘திருச்சிற்றம்பலம்’ என்பார், முடித்தாலும் அவ்வாறே. பதிகம் ஓதுவோர்க்கு அது முறை. அவரோ மின்வாரியத்துக்குப் புகார் எழுதும்போதும் அம்முறை வழுவார். தவறான எண்ணில் அழைத்தவர்கூட இருமுறை அதைக் கேட்டே இணைப்பைத் துண்டிக்க இயலும்.

மகன் இறந்தபின் மருமகள் இளமதியே கடையை நடத்தி அவரைப் பேணிவந்தாள். ஆகவே, தாம் உழைத்துத் தேடிய வீட்டையும் கடையையும் அவளுக்கே உரிமையாக்கி, மூன்று பக்க உயிலொன்றைத் தம் கைப்பட எழுதிப் பெட்டியில் வைத்திருந்தார். மகள் சிந்துஜாவுக்கு உரியதை முன்னரே கொடுத்தாயிற்று. அவள் கணவன் செம்பியனுக்கு அது போதவில்லை. கடலூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைப்பவன். எவர் கையெழுத்தும் அவனுக்குக் கைவரும். கண்புரை அறுவைக்குப்பின் மாமனாருக்கு எழுத்து மங்கித் தெரிந்த வாரத்தில், பெட்டியைத் திறந்து நடுப்பக்கத்தை மட்டும் மாற்றி எழுதினான். பிறகு பரிவே உருவாய் வந்து நின்றான்.

“உயில ரிஜிஸ்டர் பண்ணிடலாம் மாமா. நாளைக்கு யாரும் இளமதிய ஏமாத்திடக் கூடாது பாருங்க.”

அந்த உயில் பதிவானால் இளமதிக்கு நிற்க நிழலில்லை. அதை அறியாத அவளே மாமனாரைக் கைப்பிடித்து வழக்கறிஞர் காயத்ரியிடம் அழைத்துச் சென்றாள்.

“படிக்கல்லாம் வேணாம் மேடம். எல்லாம் மாமா எழுதுனதுதான்” என்றான் செம்பியன்.

காயத்ரி கேளாமல் உரக்கப் படித்தார். முதற்பக்கத் தொடக்கத்தில் திருச்சிற்றம்பலம், பழனிவேல் கைகூப்பினார். தாளைத் திருப்பியதும் மீண்டும் திருச்சிற்றம்பலம். பழனிவேல் கைகூப்பி எழுந்தேவிட்டார்.

“முடிஞ்சிடுச்சாம்மா? வா இளமதி, போலாம்.”

“ஒக்காருங்கய்யா. இப்பதான் ரெண்டாம் பக்கம்.”

“பதிகத்துக்கு நடுவுல யாராச்சும் திருச்சிற்றம்பலம் சொல்லுவாங்களா? நான் எழுதலியே!”

காயத்ரி மேலே படித்தார். வீடும் கடையும் செம்பியனுக்காம். இளமதிக்குப் பின்கட்டு அறை, அதுவும் ‘செம்பியன் மனம் விரும்பும் வரை’. இளமதியின் முகம் வெளிறியது.

“வயசாச்சில்ல மாமா, எழுதுனத மறந்திருப்பீங்க.”

“செத்தாலும் அத மறக்கமாட்டேன் மாப்ள! எந்த மடப்பய அத நடுவுல எழுதுனான்?”

செம்பியனுக்குச் சுருக்கென்றது. “யாரு மடப்பய? புதுத் தாளு எடுத்தா சாமி பேரு போடாம ஆரம்பிக்கக் கூடாதுன்னு நீங்கதானே மாமா சொல்லிக் குடுத்தீங்க!”

சொல்லி முடித்த பிறகே சொன்னது இன்னதென அவனுக்கு விளங்கிற்று. சுவரிலிருந்த நாட்காட்டியை ஊன்றிப் படிக்கலானான்.

“உயில்ல பொய்ப் பக்கம் சேக்கறது ஜெயிலுக்குப் போற கேசு. கம்ப்ளெயின்ட் குடுக்கறீங்களாய்யா?” என்றார் காயத்ரி.

“எம் பொண்ணு அழுவும்மா. இளமதி பேருக்குப் புதுசா ஒண்ணு எழுதுங்க. ரெண்டு சாட்சி வேணுமில்ல? அதுல ஒருத்தரு மாப்ள.”

காயத்ரி சிரித்துவிட்டார். தன் கண்முன் கையொப்பமானதென்று சாட்சியிட்டவன், பின்னாளில் அதைப் பொய்யென்று சொல்லி வழக்காடுவது எளிதன்று.

புதிய உயில் ஆயிற்று. முழுதும் படித்துக் கேட்டபின் பழனிவேல் கையொப்பமிட்டார். செம்பியன் தயங்கி நின்றான். இளமதி பேனாவின் மூடியைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

“ஒங்க சொந்தக் கையெழுத்தா போடுங்கண்ணே.”