சிவப்புச் சவர்க்காரமும் மூன்று காலங்களும்

போன கிழமை மருமகள் கடையிலிருந்து உடம்புக்குப் போட்டுக் குளிக்க ஒரு சிவப்புச் சவர்க்காரம் வாங்கி வந்தாள். கிருமியைக் கொல்லுமாம். உறையைப் பிரித்ததும் அந்த மருந்து நெடி வீடெல்லாம் பரவியது. எழுபது வயது தாண்டியும் அந்த மணம் என்னை விடவில்லை. எனக்கு அது அத்தானின் ஆங்கிலப் பாடத்தின் மணம்.

அத்தான் மலாயாவில் ரயில்வே கந்தோரில் கிளாக்கர். இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடம் முந்தி லீவில் அனலைதீவுக்கு வந்து என் அக்காவைக் கட்டினார். எங்களைப் பெற்ற ஐயா முன்பே தவறிவிட்டதால், மலாயா மாப்பிள்ளை கிடைத்ததை அதிட்டம் வீடு தேடி வந்ததாகவே அம்மா எண்ணினாள். கலியாணச் சோறு செமிக்க முன்னரே அத்தான் நிபந்தனை போட்டார். லீவு முடியுமுன் அக்கா முக்காலமும் பிழையில்லாமல் இங்கிலீசில் பேசப் பழகவேண்டும். இல்லாவிட்டால் அவர் தனியேதான் கப்பலேறுவார். "துரையின்ர மனிசி குவாட்டர்சுக்கு வந்தால் நீர் ஊமை மாதிரி நிக்கப்போறீரோ?" என்று கேட்டார்.

அக்காவுக்குப் போக ஆசை. மலாயாவைவிட ரயிலில்தான் அவளுக்கு ஆசை. அடுத்த தீவிலிருக்கும் ஊர்காவற்றுறைக்கு அப்பால் போயறியாதவள் அவள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான் வீடு என்று அத்தான் சொன்னதிலிருந்து தண்ணீர் அள்ளும்போதும் மா இடிக்கும்போதும் "கோ, வென்ட், கோன்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பாள். உலக்கை விழுகிற தாளத்தில் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது.

பிழை விட்டால் அத்தான் அடிக்கமாட்டார், அதட்டவும் மாட்டார். அதில் அவருக்குப் பெருமை வேறு. மேசையில் ஒரு தகரப்பெட்டிக்குள் பினாங்கிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சவர்க்காரம் இருக்கும். அதை இரண்டு விரலால் அவள் பக்கம் நகர்த்தி, "வாயைக் கழுவிப்போட்டு வாரும்" என்பார், கோப்பி கேட்கிற குரலில். நேற்று நடந்ததை இன்று நடப்பதுபோலச் சொன்னாலும் கழுவவேண்டும். இடையில் ஒரு தமிழ்ச்சொல் வந்தாலும் கழுவவேண்டும். எங்கள் கிணறு உவர். உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. கொழுப்பாக நாக்கிலும் பல்லிலும் ஒட்டிக்கொள்ளும். அக்கா கிணற்றடியில் குனிந்து ஓங்காளிப்பாள். சோற்றுக்கு இருந்தால் ஒரு வாயோடு கோப்பையைத் தள்ளிவிடுவாள். அத்தானோ விறாந்தைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு காதைக் குடைந்து, குடைந்ததை முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கிணற்றடியில் கிடக்கும் எங்கள் சொறிநாயைக் கண்டால் மட்டும் அவருக்கு அருவருப்பு வந்துவிடும். கைலேஞ்சியால் மூக்கைப் பொத்துவார். எனக்கு நாயில் அருவருப்பு இருந்ததில்லை. அத்தான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவத்தான் கை கூசியது.

எப்படியோ லீவு முடியுமுன் அக்கா பிழையில்லாமல் பேசப் பழகிவிட்டாள். அத்தானே திருப்திப்பட்டு அவளுக்கும் கப்பல் டிக்கற் எடுத்தார். புறப்படுகிற நாள் அவளுடைய ட்ரங்குப்பெட்டி முன்னதாகவே வள்ளத்துக்குப் போய்விட்டது. அயலட்டை எல்லாம் முற்றத்தில் கூடியிருக்க, அக்கா கூறைச்சேலையுடன் வாசலில் நின்றாள். சனத்தைக் கண்டதும் அத்தானுக்குத் தன் கெட்டித்தனத்தைக் காட்ட ஆசை வந்தது. "அம்மாவுக்கு இங்கிலீசிலை சொல்லிப்போட்டு வெளிக்கிடும்" என்றார்.

அக்கா தெளிவாகச் சொன்னாள்: "ஐ வில் கோ அண்ட் கம்."

எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவர் "போட்டு வாறன்" என்றுதான் சொல்லுவார். வெறுமனே "போறன்" என்று சொல்லிக்கொண்டு எழும்புவது செத்தவீட்டில் மட்டும்தான். அத்தானும் இந்தத் தீவில் பிறந்தவர். இது அவருக்குத் தெரியாததல்ல.

"கம் எண்டு ஆர் சொல்லித்தந்தது? கோ எண்டு மட்டும் சொல்லும்."

"அம்மாவைப் பாத்து அப்பிடிச் சொல்ல ஏலாது" என்றாள் அக்கா, தமிழில்.

சனம் சிரித்தது. அத்தான் கைப்பையைத் திறந்து அந்தத் தகரப்பெட்டியை எடுத்து நீட்டினார். "கழுவிப்போட்டு வாரும்." அத்தனை பேருக்கு முன்னால். சிரித்தவர்களில் ஒருவராவது ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும், "போய்க் கழுவு பிள்ளை, வள்ளம் பாத்துக்கொண்டு நிக்குது" என்றாள். நினைத்தால் இன்றும் எனக்கு அத்தானைவிட அம்மாவில்தான் கூடக் கோபம் வருகிறது.

அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வெகுநேரமாகியும் வரவில்லை. அத்தான் பொறுமையிழந்து எழும்பிப் போக, நாங்களும் பின்னால் போனோம். அக்கா கூறைச்சேலையை இடுப்பில் செருகி, சொறிநாயைக் கால்களுக்கிடையில் இறுக்கிவைத்து, அந்தச் சவர்க்காரத்தால் அதன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உவர்த் தண்ணீரில் அது நுரைக்கவில்லை, அவள் விடவுமில்லை. அத்தான் கைலேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன வேலை இது? நேரம் போகுது" என்றார்.

அக்கா நிமிரவில்லை. "நீங்கள் போங்கோ" என்றாள்.

"போட்டு வாங்கோ" என்று திருத்திச் சொல்லுவாள் என்று எல்லாரும் பார்த்து நின்றோம். அவள் வாளியை எடுத்து நாயின் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

ட்ரங்குப்பெட்டியை வள்ளக்காரர் பின்னேரமே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தான் திரும்பி வரவேயில்லை. அங்கே வேறு கலியாணம் கட்டியதாகக் கேள்வி. அம்மா சாகும்வரை அதைச் சொல்லி அழுதாள். அக்கா அழுது நான் கண்டதில்லை. பிறகொரு முறை யாழ்ப்பாணம் போய் ரயிலைப் பார்த்துவிட்டு வந்து, "இவ்வளவு புகை கக்குமெண்டு அந்த மனிசன் சொல்லேல்லை" என்றாள். அந்தச் சவர்க்காரம் தேய்ந்து தீரும்வரை நாய்க்குத்தான் பயன்பட்டது. அதன் சொறியும் மாறிவிட்டது.

மருமகளுக்கு இந்தக் கதையெல்லாம் நான் சொல்லவில்லை. "அது நாய்க்குப் போடுறது பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

"எங்களிட்டை நாய் இல்லையே மாமி" என்றாள் அவள்.

"அப்ப கொண்டுபோய்க் கடையிலை திருப்பிக் குடு" என்றேன்.