பேரினத்துக்குப் பின்னால் நிற்கும் பெயர்

பூச்சி ஆராய்ச்சிக் கூடத்தில் அவளை முட்டைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கோழி முட்டை இல்லை. பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியின் முட்டைக்குள் புகுந்து, அதையே தின்று வளரும் குளவிகளை ஆராய்கிறவள். ஒரு குளவி உப்புக்கல்லில் பாதிகூட இராது. அவள் மேசைப் பக்கம் யாரும் தும்மக்கூட மாட்டார்கள்.

அந்த மேசைக்கு ஒரு நாள், தெரிந்த எந்தப் பேரினத்திலும் சேராத குளவி ஒன்று வந்து சேர்ந்தது. புது இனம் அடிக்கடி கிடைக்கும். புதுப் பேரினம் என்பது பல இனங்களுக்குப் பொதுவாகக் குடும்பப்பெயர் வைப்பது மாதிரி. அதை முதலில் அச்சில் விவரிக்கிறவர் பெயர் காலத்துக்கும் அதன் பின்னால் நிற்கும். ஓய்வு பெறுமுன் அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

படங்களை வரைந்து முடித்தாள். எழுத உட்காரும்போது கண்புரை முற்றிவிட்டது. அறுவை செய்து, குனியக்கூடாது, நுண்ணோக்கியைத் தொடக்கூடாது என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சொட்டு மருந்து விட்டவள் அண்ணி. ஆராய்ச்சிக் கூடத்திலும் அடுத்த அறைதான் அண்ணிக்கு; அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே முட்டைக்காரி. அண்ணிக்குக் கை சுத்தம். கீழிமையைப் பதமாக இழுத்து, சீசா முனை படாமல் விடுவாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சும்மா கெடக்கிற நேரத்துல சொல்லேன், நான் எழுதிக்கிறேன். கண்ணுதானே கட்டியிருக்கு, வாய் நல்லாத்தானே இருக்கு" என்றாள் அண்ணி.

முட்டைக்காரி படுத்தபடியே சொன்னாள். உணர்கொம்பின் நுனிக்குமிழ் பிரிவில்லாமல் ஒரே துண்டு. முன்னிறகு காம்பு போல ஒடுங்கியது. ஓரத்து மயிர் இறகின் அகலத்தைவிட நீளம்.

"எழுதினீங்களா அண்ணி?"

"எழுதாம உன் மூஞ்சியையா பாத்துட்டிருக்கேன்?"

தட்டச்சு செய்து தருவதாகத் தாள்களையும் படங்களையும் அண்ணி எடுத்துப் போனாள். கேட்டபோதெல்லாம், "மொதல்ல கண்ணு தேறட்டும்" என்றாள்.

கண் தேறியது. தேறிய கண்ணால் பிரித்த ஆராய்ச்சி இதழில் அந்தக் குளவி இருந்தது. படம் இவளுடையது, வார்த்தை இவளுடையது. விவரித்தவர் அண்ணி, ஒற்றை ஆளாக.

நேரே அடுத்த அறைக்குப் போனாள். அண்ணி சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

"பேரினத்துல வர்ற மொத இனத்துக்கு உன் பேரத்தான் வச்சிருக்கேன், பாத்தியா? தன் பேரத் தானே வச்சுக்கிட்டா ஊரே சிரிக்கும். நான் எழுதினதாலதான் உனக்கு இந்த மரியாதை."

"பெத்தவளக் கூப்பிட்டு ஆயா வேலை குடுத்த மாதிரி இருக்கு உங்க மரியாதை."

"நீ எழுதியிருந்தா இன்னும் அடிச்சு அடிச்சுத் திருத்திட்டே இருப்ப. சரி, உங்க அண்ணன்கிட்ட சொல்லப்போறியா?"

"அண்ணனுக்கு எறும்பும் குளவியும் ஒண்ணு. உங்களுக்கு வித்தியாசம் தெரியுமே அண்ணி."

முட்டைக்காரி ஆராய்ச்சிக் கூட இயக்குநரிடம் போய் முறையிட்டாள். அவர் எழுதிய தாள்களை வரவழைத்துப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "கையெழுத்து முழுக்க உங்க அண்ணியோடதா இருக்கேம்மா."

அந்த மாதமே பொறியில் இன்னும் சில குளவிகள் விழுந்தன. அதே பேரினம். அடையாளம் கண்டு, பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுவது அவள் வேலை. விட்டுவிட்டால் குளவி அநாதையாய்க் கிடக்கும். மெல்லிய பேனாவை எடுத்துப் பேரினத்தின் பெயரை எழுதினாள். விதிப்படி அதன் பின்னால் அண்ணியின் பெயரையும் பிழையில்லாமல் எழுதி, மை காயட்டும் என்று காத்திருந்தாள்.